இரண்டு தட்டினால் வண்டி போகும்

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஏனென்றால் அவர் பஸ் டிரைவராக இருந்தவர். காலமெல்லாம் உட்கார்ந்தே சம்பாதித்த மனுஷனுக்கு உட்காரத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஸ்டியரிங் கையில் இருந்தால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் இருப்பார். மற்றபடி நாற்காலி, சோபா, கட்டில் எதுவும் அவருக்கு ஆகாது. சாப்பாடு நின்றுகொண்டே. சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் கிளம்பிவிடுவார். "மீதி என்ன, கடைசியில சேந்துடுவாங்க, வா" என்பார். எத்தனையோ படங்களுக்கு எனக்கு இன்றுவரை முடிவு தெரியாது.

நானும் அதே பஸ்ஸில்தான் இருந்தேன், கண்டக்டராக. ஊரிலிருந்து துறைமுகம் வரை போய்த் திரும்புகிற வண்டி. அவர் சாலையைப் பார்ப்பார், நான் ஜனங்களைப் பார்ப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய முகத்தைவிடப் பின்கழுத்துதான் எனக்கு நன்றாகத் தெரியும். வெயிலில் கறுத்து, காலருக்கு மேலே ஒரு மச்சத்தோடு இருக்கும். அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன் என்றால் என் தங்கச்சி இன்னும் நம்ப மாட்டாள். அவர் கேட்டதும் அப்படித்தான். கூட்டமில்லாத ஒரு மத்தியான டிரிப்பில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கண்டக்டரம்மா, உங்க வீட்ல வந்து பேசலாமா?" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அவர் முதுகைப் பார்த்து, "வந்து பேசுங்க டிரைவரே" என்றேன். அன்றிலிருந்து வீட்டிலும் நான் கண்டக்டரம்மா, அவர் டிரைவர்.

எனக்கு விசில் ஊத வராது. ஊதினால் வெறும் காற்றுதான் வரும். அதனால் பஸ்ஸின் தகரத்தில் கையால் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. எங்கள் வண்டியில் அதுதான் சட்டம். என் தட்டு விழாமல் அவர் ஒரு அடி நகர்த்த மாட்டார். இரண்டு விழுந்துவிட்டால் மேலதிகாரியே பின்னால் ஓடி வந்தாலும் நிறுத்த மாட்டார். பின்னால் திரும்பிப் பார்ப்பது அவர் வேலையே இல்லை, அது என் வேலை.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். அப்போது பிடித்தது வினை. பிள்ளைகள் இல்லை, வீட்டில் நானும் அவரும்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷன் எனக்கு எதிரில் உட்கார வேண்டியிருந்தது. முடியவில்லை. காலையில் அலமாரியை நகர்த்துவார். மத்தியானம் அதைப் பழைய இடத்துக்கே நகர்த்துவார். நன்றாக ஓடுகிற குழாயைக் கழற்றிப் பிரித்துப் போடுவார். நான் ஒரு வார்த்தை பேச வாயைத் திறந்தால் "இதோ வந்துட்டேன்" என்று தெருவில் இறங்கிவிடுவார். எங்கே போகிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வண்டிகள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரோடு பேசி, பாத்திரங்களோடு பேசி, கடைசியில் போனில் தங்கச்சியோடு பேச ஆரம்பித்தேன்.

தங்கச்சி தனியாக இருக்கிறாள். கடற்கரைச் சாலையின் கடைசி ஊரில் சலவைக் கடை வைத்திருக்கிறாள். "அக்கா, மாடியில ஒரு ரூம் சும்மா கெடக்கு. வந்துடு. கடையை ரெண்டு பேரும் பாத்துக்கலாம். எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்றாள். முதலில் விளையாட்டாகத்தான் கேட்டுக்கொண்டேன். அப்புறம் அந்த ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று விசாரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் டிரெய்லர் வாங்கி வந்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. உள்ளே மடக்குக் கட்டில், மடக்கு மேஜை, ஒரு அடுப்பு, நிமிர்ந்தால் தலை இடிக்கிற கூரை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வாங்கி, ஒரே ஒரு முறை சுற்றப் போய், பெண்டாட்டியோடு சண்டை போட்டுத் திரும்பி வந்து விற்ற சாமான். நான் அதற்கு 'வால்' என்று பெயர் வைத்தேன்.

"கடலோரமாவே போலாம் கண்டக்டரம்மா. எல்லா எடத்தையும் பாக்கலாம். அப்படியே உன் தங்கச்சியையும் பாத்துட்டு வரலாம்" என்றார்.

வீட்டில் உட்காராத மனுஷன் இப்போது வீட்டையே உருட்டிக்கொண்டு கிளம்புகிறாரே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் கிளம்பினேன். வாலுக்குள் கட்டிலுக்கு அடியில் என் பெட்டி இருந்தது. பயணத்துக்கு வேண்டிய துணி மட்டும் இல்லை, என் துணி எல்லாமே அதில்தான் இருந்தது. அவர்தான் தூக்கி உள்ளே வைத்தார். கனம் தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் தங்கச்சி ஊருக்குப் போய்ச் சேருவோம் என்கிற அன்றைக்குக் காலையில் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"டிரைவரே, நாளைக்கு அவ வாசல்ல வண்டி நிக்கும். நான் பெட்டியோட எறங்கிடலாமான்னு பாக்கறேன். உங்ககிட்ட மறைக்க இஷ்டமில்ல."

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னைக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு. நீங்களே ஒரு எடம் பாருங்க. சூரியன் கடல்ல எறங்கற வரைக்கும் என்கூட உக்காந்து நாலு வார்த்தை பேசுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான். அது உங்களால முடிஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பிடலாம்."

"இவ்வளவுதானா? இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டிருக்க? உக்காந்துட்டா போச்சு" என்றார். மறுபடி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

முதலில் கலங்கரை விளக்கம். எனக்கு முழங்கால் வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பாதிப் படி ஏறுவதற்குள் அவர் உச்சிக்குப் போய், பார்த்து, இறங்கி, எனக்கு எதிரே வந்து நின்றார்.

"மேல ஒண்ணும் இல்ல. காத்துதான் அடிக்குது. வா போலாம்."

"நான் இன்னும் பாக்கலையே?"

"அதான் நான் பாத்துட்டேனே."

சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகக் கொஞ்சம் நீலத்தைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

அடுத்தது துளைப்பாறை. பாறைக்கு நடுவில் ஒரு துளை. பெரிய அலை வந்து மோதினால் அதன் வழியாகத் தண்ணீர் மேலே பீறிட்டு அடிக்குமாம். ஜனங்கள் போனை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நாங்களும் நின்றோம். சின்ன அலைகளாகத்தான் வந்தன. அவர் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கைக்கடிகாரம் கட்டுவதை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. "லேட்டு" என்றார்.

"எது லேட்டு?"

"அலைதான். வா, போலாம்."

நாங்கள் கார்க் கதவைத் திறக்கும்போது பின்னால் 'ஓ' என்று கூட்டமே கத்தியது. நான் திரும்பினேன். தண்ணீர் விழுந்து முடிந்துவிட்டது. எல்லாரும் நனைந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மீன்பிடித் துறைமுகத்தில் நடந்தது இன்னும் மோசம். வண்டியை நிறுத்தப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. பஸ்ஸைச் சந்துக்குள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போகிற மனுஷன்தான். ஆனால் வால் மாட்டிய வண்டி வேறு ஜாதி. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் வால் இடது பக்கம் போகிறது. நான் பின்னால் நின்று "ஒடிங்க, ஒடிங்க, ஐயோ போதும்!" என்று கத்த, வால் ஐஸ் பெட்டிகளின் பக்கம் போக, ஐஸ் லாரி டிரைவர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. ஒரு மீனைக்கூடப் பார்க்காமல் கிளம்பினோம். அதற்குப் பிறகு நேராக நுழைந்து நேராக வெளியே போக வழி இருந்தால்தான் நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு அப்படி ஒரு இடம் கிடைத்தது. சாலையோரமாகவே நீளமாக ஒரு கடற்கரை. சாலைக்குக் கீழே மணல். வாடகைக்குக் குடையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுத் தருகிற அம்மா ஒருத்தி இருந்தாள். இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார். நிஜமாகவே உட்கார்ந்தார். இடது கால் மட்டும் கிளட்சை மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

"நம்ம மொதல் டிரிப் ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"ம்ம். டயர்ல காத்து பாத்துட்டு வந்துடறேன்."

போனார், வந்தார், உட்கார்ந்தார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். அதற்குப் பிறகு வாலின் விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் போனார். பட்டப்பகலில்!

குடைக்காரம்மா கேட்டாள், "அண்ணனுக்குச் சேர்ல முள்ளு ஏதாச்சும் இருக்கா, மாத்தித் தரட்டா?"

நான் சிரிக்கவில்லை. சூரியன் இறங்க இன்னும் நிறையப் பொழுது இருந்தது. அவர் திரும்பி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்டக்டரம்மா, இன்னும் ரெண்டு எடம் இருக்கு. சிப்பிக் கண்காட்சி ஒண்ணு, தொங்குபாலம் ஒண்ணு. இப்பக் கெளம்பினா ரெண்டையும் முடிச்சிடலாம். சூரியன் எங்கேருந்து பாத்தாலும் சூரியன்தானே?"

எனக்கு வந்ததே கோபம். "முடிச்சிடலாமா? என்னையும் சேத்து முடிச்சிடுங்க! போதும் சாமி. நாளைக்கு நான் எறங்கிடறேன். முடிவே பண்ணிட்டேன். வண்டிய எடுங்க!"

அவர் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். காரில் நான் எப்போதும் பின்சீட்டுதான். கோபம் வந்தால் அதிலேயே தலை வரை போர்த்திப் படுத்துக்கொள்வேன், பேச மாட்டேன். அது அவருக்கும் தெரியும். அதனால் பின்கதவைத் திறந்து தலையணை, போர்வை, கைப்பை எல்லாவற்றையும் உள்ளே எறிந்தேன். காற்றில் மணல் உள்ளே போகிறதே என்று கதவை அறைந்து சாத்தினேன். செருப்பெல்லாம் மணல். கழற்றி எடுத்துக்கொண்டு வாலின் பின்மூலைக்குப் போய், தகரத்தில் ஓங்கி அடித்து உதறினேன்.

டம். டம்.

கார் கிளம்பிற்று. எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. இரண்டு தட்டு! அடப் பாவி மனுஷா! "நிறுத்துங்க, டிரைவரே!" என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். தட்டலாம் என்றால் தகரம் கைக்கு எட்டவில்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருந்தார், கடல் இரைச்சல் வேறு. வால் ஆடி ஆடி வளைவில் திரும்பி மறைந்தது.

போன் கைப்பையில், கைப்பை காரில். குடைக்காரம்மா தன் போனை நீட்டினாள். வாங்கிக்கொண்டு விழித்தேன். அவருடைய நம்பர் எனக்குத் தெரியாது. எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருந்த ஆளின் நம்பரை எதற்கு மனப்பாடம் செய்வேன்?

"அண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?"

"இல்ல. நான்தான் போகச் சொன்னேன்" என்றேன். அது பொய் இல்லை.

முதலில் சிரிப்பு வந்தது. இதோ அடுத்த வளைவில் தெரிந்துவிடும், திரும்பி வந்துவிடுவார் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். வரவில்லை. எழுந்து சாலைக்குப் போய்ப் பார்த்தேன். யார் யாருடைய வண்டியோ போயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் தோன்றியது. தெரிந்தேதான் போயிருப்பாரோ? காலையில் நான் சொன்னதற்கும் இப்போது கத்தினதற்கும் சேர்த்து, போ என்று விட்டுவிட்டுப் போய்விட்டாரோ? எறங்கறேன் என்று நான் சொல்லலாம். என்னை எறக்கிவிட்டுட்டுப் போக இந்த ஆள் யார்? என்ன தைரியம்! அழுகையா ஆத்திரமா என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினேன்.

உட்கார முடியவில்லை. சாலைக்கும் மணலுக்குமாக நடந்தேன். நடக்கிற வழியில் நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. எரிச்சலாக இருந்தது. ஒவ்வொன்றாக இழுத்து, இரண்டிரண்டாக வரிசையில் போட்டு, நடுவில் ஆள் போக வழி விட்டேன்.

குடைக்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏம்மா, அண்ணனைச் சொன்னீங்களே. நீங்களும் அதே ரகம்தான் போல."

நான் போட்டதைத் திரும்பிப் பார்த்தேன். கடற்கரையில் ஒரு பஸ் நின்றது. வெட்கமாகப் போயிற்று.

வெயில் மஞ்சளாக மாறின நேரத்தில் எங்கள் கார் வந்தது. கார் மட்டும் வந்தது, வாலைக் காணோம். எதிர்ப்பக்கம் நிறுத்தினார், கதவைத் திறந்தபடியே விட்டார், மணலில் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. என் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"வால் எங்க?" என்றேன்.

"கழட்டிப் போட்டுட்டேன். வாலோட திருப்ப எடமில்ல."

"எங்க?"

"ரோட்டோரமா எங்கேயோ."

"பூட்டினீங்களா?"

"தெரியல."

ஒரு வாய் தண்ணீர் குடிக்க இறங்கினால்கூடக் கை பிரேக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன். என் கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று. மீதிப் பாதியை விடுவதாக இல்லை.

"ஏங்க, பின்னால ஆளு இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டீங்களா?"

"கதவைச் சாத்தின. ரெண்டு தட்டு தட்டின. அப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்?"

"அது செருப்புங்க!"

"செருப்பா?" என் வெறுங்காலைப் பார்த்தார். "உன் தட்டு மாதிரியேதான் இருந்துச்சு."

"எப்பத்தான் தெரிஞ்சுது?"

"ரொம்ப தூரம் போயிட்டேன். உன்கிட்டப் பேசிக்கிட்டேதான் போனேன். கடைசியில ஒண்ணு கேட்டேன். பதில் வரல. நீ கோவத்துல இருக்கன்னு நெனச்சு மறுபடி கேட்டேன். அப்பவும் வரல. வண்டிய ஓரங்கட்டிட்டுத் திரும்பிப் பாத்தா, தலகாணிதான் கெடக்குது."

"என்ன கேட்டீங்க?"

கடலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். நான் போட்டு வைத்த வரிசையைப் பார்த்தார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கால் ஆட ஆரம்பித்தது. சட்டென்று எழுந்தார். அவ்வளவுதான், இனி டயர்தான் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கி எனக்கு முன்னால் போட்டார். கடலைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்பவும் முதுகா என்று திட்ட வாயைத் திறந்தேன். காலருக்கு மேலே மச்சம் தெரிந்தது. அதைச் சுற்றி முடி நரைத்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"கண்டக்டரம்மா."

"சொல்லுங்க டிரைவரே."

"நாளைக்கு எறங்கிடுவியா?"

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"எறங்காத. வீட்ல உன் மூஞ்சிக்கு நேரா உக்காந்தா எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. பயமா இருக்கு. நீ பின்னால இருந்தா வார்த்தை தானா வருது. அதுக்குத்தான் இந்த வாலையே வாங்கினேன். வண்டில போனா நீ பின்னால இருப்பியேன்னு."

யார் எதிரிலும் எனக்கு அழ வராது, அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகூட வராது. அதனால் விறுக்கென்று எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினேன்.

"சரி சரி, எழுந்திரிங்க. வால் அங்க அனாதையா நிக்குது. எவனாவது மாட்டி இழுத்துட்டுப் போயிடப் போறான். கெளம்புங்க, போலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் இல்லை. வலது கையை மெல்லத் தூக்கி நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கித் தட்டினார். ஒரு தட்டு. அடுத்தது விழுகிறதா என்று நின்று பார்த்தேன். விழவில்லை.

அத்தனை வருஷத்தில் தட்டினதெல்லாம் நான்தான். அவர் தட்டி நான் கேட்டதே இல்லை. ஆனால் யார் தட்டினாலும் சட்டம் சட்டம்தானே. உட்கார்ந்தேன். சூரியன் இன்னும் கடலைத் தொடவில்லை. அவருடைய இடது கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நாளைக்கு அந்தப் பெட்டியக் கீழ எறக்க வேணாம்" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"சரிங்க கண்டக்டரம்மா" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.